கத்திக்கு முன் ஒரு கணக்கு

அணையையோ கதவணையையோ கட்டுவதற்கு முன்பு பொறியாளர்கள் அதன் சிறுவடிவத்தைக் கட்டி, அதில் நீரை ஓடவிட்டுப் பார்ப்பார்கள். எங்கே நீர் சுழலும், எங்கே கரை அரிக்கும், எங்கே மணல் மேடிடும் என்பதையெல்லாம் அந்தச் சிறுவடிவம் முன்கூட்டியே காட்டிக் கொடுத்துவிடும். தமிழக அரசு இதற்கென்றே பூண்டியில் நீரியல் ஆய்வு நிலையம் ஒன்றைப் பல பத்தாண்டுகளாக நடத்தி வருகிறது. குழந்தையின் இதயத்தில் கத்தி வைக்கும் மருத்துவருக்கோ அத்தகைய வசதி அண்மைக்காலம் வரை இருந்ததில்லை. ஒரு ரத்தநாளத்தை வெட்டி வேறோர் இடத்தில் இணைத்தால் ரத்தம் எப்படி ஓடும் என்பது, இணைத்து முடித்த பிறகுதான் தெரியும். அதற்குப் பின் மாற்றியமைப்பது எளிதன்று.

இந்த நிலை இப்போது மெல்ல மாறி வருகிறது. நோயாளியின் சி.டி. ஸ்கேன் அல்லது எம்.ஆர்.ஐ. படங்களிலிருந்து அவருடைய இதயத்தையும் நாளங்களையும் கணினிக்குள் அப்படியே வடித்து, அதனுள் ரத்தத்தை ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். அடைப்பு உண்மையிலேயே ஆபத்தானதா, எந்த இடத்தில் இணைத்தால் எந்த நுரையீரலுக்கு எவ்வளவு ரத்தம் போகும் என்பதையெல்லாம் அறுவை அரங்குக்குள் நுழைவதற்கு முன்பே கணக்கிட்டுப் பார்க்க முடிகிறது. இந்தியாவில் ஆண்டுதோறும் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் பிறவி இதயக் குறைபாட்டுடன் பிறப்பதாகவும், அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினருக்கு முதல் ஆண்டிலேயே சிகிச்சை தேவைப்படுவதாகவும் மருத்துவர்கள் மதிப்பிடுகிறார்கள். எனவே இது ஏதோ மேலைநாட்டு ஆய்வகச் செய்தி என்று ஒதுக்கிவிடக் கூடியதன்று.

பொருளியல் கற்பித்தவனுக்கு இதயத்தில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். உறவு பழையது. பொருளாதாரத்தை ஒரு சுழற்சியாக வரைந்து காட்டிய முதல் அட்டவணையை 1758-இல் உருவாக்கிய பிரான்சுவா கெனே, பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் மருத்துவர். 1949-இல் லண்டன் பொருளியல் பள்ளியில் பில் பிலிப்ஸ் என்ற நியூசிலாந்துக்காரர் ஓர் இயந்திரத்தை இயக்கிக் காட்டினார். கண்ணாடி போன்ற தொட்டிகளிலும் குழாய்களிலும் வண்ண நீரை ஓடவிட்டு, வரியைக் கூட்டினால் என்ன ஆகும், சேமிப்பு உயர்ந்தால் எந்தத் தொட்டி வற்றும் என்று அவர் விளக்கினார். பணவீக்கத்துக்கும் வேலையின்மைக்கும் உள்ள உறவைச் சொல்லும் 'பிலிப்ஸ் வளைகோடு' மூலம் பின்னாளில் புகழ்பெற்றவர் இவரே. நாங்கள் பணவோட்டத்தை நீராக எண்ணிப் பார்த்தோம். இதயப் பொறியாளர்கள் ரத்தவோட்டத்தை எண்களாக எண்ணிப் பார்க்கிறார்கள். இரண்டிலும் சிக்கல் ஒரே இடத்தில்தான் வருகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கணிப்பு எந்த அளவுக்கு உதவும், எங்கே கைவிடும் என்ற இரண்டையும் 'ஃபோன்டான்' அறுவை சிகிச்சையின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. நம் இதயத்தில் இரண்டு பம்புகள் உள்ளன. வலப்பக்கக் கீழறை நுரையீரலுக்கு ரத்தத்தை அனுப்புகிறது. இடப்பக்கக் கீழறை உடல் முழுவதற்கும் அனுப்புகிறது. சில குழந்தைகள் வேலை செய்யும் கீழறை ஒன்றே ஒன்றுடன் பிறக்கிறார்கள். அவர்களில் ஒரு வகையினருக்கு வலப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் இடையே வால்வே உருவாகியிருக்காது. அத்தகையவர்களுக்காகப் பிரான்சின் போர்தோ நகரைச் சேர்ந்த பிரான்சிஸ் ஃபோன்டான் 1968-இல் ஒரு வழி கண்டார். 1971-இல் அதை வெளியிட்டார். இருக்கும் ஒரே பம்பு உடலுக்கு ரத்தம் அனுப்பட்டும். திரும்பி வரும் அசுத்த ரத்தத்தை வலப்பக்க மேலறை வழியாக நேரடியாக நுரையீரல் தமனிக்குத் திருப்பிவிடலாம் என்பதே அவ்வழி. மேலறையும் சுருங்கி விரிவதால் அது ஒரு சிறு பம்பாக உதவும் என்பது எதிர்பார்ப்பு.

லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெரு குழந்தைகள் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் மார்க் டி லெவால் இந்த எதிர்பார்ப்பை ஆய்வகக் குழாய்களில் சோதித்துப் பார்த்தார். விரிந்து சுருங்கும் அறை ஓட்டத்துக்கு உதவவில்லை; நீரைக் கலக்கி ஆற்றலை வீணடித்தது. ஆகவே, மேலறையையே ஒதுக்கிவிட்டு, உடலின் மேற்பகுதியிலிருந்து வரும் பெருஞ்சிரையையும் கீழ்ப்பகுதியிலிருந்து வரும் பெருஞ்சிரையையும் நுரையீரல் தமனியோடு நேராக இணைக்கும் முறையை அவரது குழு 1988-இல் வெளியிட்டது. பம்பு இருந்தால் நல்லது என்று எல்லோரும் நம்பிய இடத்தில், அது இல்லாமலிருப்பதே நல்லது என்று தெரிந்தது.

அடுத்த கேள்வி, எப்படி இணைப்பது என்பது. மேலிருந்து ஒரு ஓட்டம், கீழிருந்து ஒரு ஓட்டம். இரண்டும் சந்தித்து இடத்துக்கும் வலத்துக்கும் பிரிய வேண்டும். முக்கொம்பில் வந்து சேரும் காவிரி அங்கே காவிரியாகவும் கொள்ளிடமாகவும் பிரிவதைப் பார்த்து வளர்ந்த திருச்சிக்காரர்களுக்கு, பிரியும் இடத்தின் அமைப்பு எவ்வளவு முக்கியம் என்பதை விளக்க வேண்டியதில்லை. 2018 ஆகஸ்டில் அங்கே கொள்ளிடம் கதவணையின் மதகுகள் உடைந்து போனதையும் நாம் கண்டோம். டி லெவால், மிலான் பல்தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பொறியாளர்களுடன் சேர்ந்து இந்தச் சந்திப்பைக் கணினியில் கணக்கிட்டு, 1996-இல் முடிவுகளை வெளியிட்டார். இரண்டு சிரைகளையும் நேருக்கு நேர் இணைத்தால் ஓட்டங்கள் மோதி ஆற்றல் விரயமாகிறது. சற்றே விலக்கி இணைத்தால் விரயம் குறைகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் அஜித் யோகநாதனின் ஆய்வகம் இதை மேலும் வளர்த்து, ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக அறுவைத் திட்டம் வகுக்கும் நிலைக்குக் கொண்டுசென்றது.

இத்தனை சிறிய விரயத்தைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? இந்தக் குழந்தைகளுக்கு நுரையீரலை நோக்கித் தள்ளும் பம்பே கிடையாது. சிரைகளில் எஞ்சியிருக்கும் அழுத்தம் ஒன்றுதான் ரத்தத்தை நகர்த்துகிறது. இணைப்பில் சிறிது ஆற்றல் வீணானாலும், அதை ஈடுகட்ட சிரை அழுத்தம் உயர்ந்தே இருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் அப்படி இருந்தால் அதன் விலையைக் கல்லீரல் கொடுக்கும்.

இன்னொரு நுட்பமும் இதில் உண்டு. கல்லீரலிலிருந்து வரும் ரத்தத்தில் உள்ள ஏதோ ஒரு பொருள் நுரையீரல் நாளங்களின் நலத்துக்குத் தேவைப்படுகிறது. கல்லீரல் ரத்தம் ஒரு நுரையீரலுக்கே போய் மற்றதற்குப் போகாவிட்டால், பட்டினி கிடக்கும் பக்கத்தில் நாளங்கள் தாறுமாறாகப் பின்னிக்கொண்டு, ரத்தம் பிராணவாயுவைப் பெறாமலேயே திரும்பிவிடும். இரு நுரையீரலுக்கும் சமமாகப் பங்கிட, கவட்டைக் கழி போன்ற இரட்டைக் கிளைக் குழாயைப் பொருத்தலாம் என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் அலிசன் மார்ஸ்டனும் அவரது சகாக்களும் கணினி வழியாகக் கண்டு முன்மொழிந்தார்கள். முதற்கட்டமாக ஆறு நோயாளிகளுக்கு அது பொருத்தப்பட்டது. முடிவு கலவையாகவே இருந்தது. சிலருக்குப் பங்கீடு எதிர்பார்த்தபடி அமைந்தது; சிலருக்கு அமையவில்லை. அதை அவர்கள் மறைக்காமல் ஆய்விதழில் வெளியிட்டார்கள் என்பதே என் பார்வையில் இந்தத் துறையின் மீது நம்பிக்கை வைப்பதற்கான முதல் காரணம்.

சரி, கணினி என்னதான் செய்கிறது? முதலில், ஸ்கேன் படத்திலிருந்து நாளங்களின் உட்புற வடிவம் பிரித்தெடுக்கப்படுகிறது. அந்த வடிவம் லட்சக்கணக்கான நுண் கட்டங்களாகப் பகுக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளே வரும் ரத்தம் வெளியே போயாக வேண்டும். அழுத்தமும் பிசுபிசுப்பும் அதன் வேகத்தை மாற்றும். இந்த விதிகளைச் சொல்லும் சமன்பாடுகள் நேவியர், ஸ்டோக்ஸ் என்ற இருவர் பெயரால் வழங்குபவை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டவை. ஒரு இதயத் துடிப்பை ஆயிரக்கணக்கான நொடித் துணுக்குகளாக வெட்டி, ஒவ்வொரு துணுக்குக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் கணினி விடை காண்கிறது. சமன்பாட்டில் மர்மம் ஏதுமில்லை, வேலைதான் மலையளவு.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. குழாயின் ஆரத்துக்கும் ஓட்டத்துக்கும் உள்ள உறவை 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டறிந்தவர் புவாசெய் என்ற பிரெஞ்சு மருத்துவர். அழுத்தம் மாறாதிருந்தால், ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறும். ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாகாது. பதினாறில் ஒரு பங்காகிவிடும். இப்போது ஸ்கேன் படத்தை அளப்பவர் ஆரத்தைப் பத்து விழுக்காடு கூடுதலாக அளந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 1.1-ஐ நான்கு முறை பெருக்கிப் பாருங்கள். ஓட்டம் 46 விழுக்காடு கூடுதலாகத் தெரியும். மூன்று மில்லிமீட்டர் விட்டமுள்ள நாளத்தில் பத்து விழுக்காடு என்பது 0.3 மில்லிமீட்டர். சி.டி. கருவி பிரித்துக் காட்டக்கூடிய நுண்மையே ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். அப்படியானால், திரையில் தோன்றும் வண்ணப்படத்தின் அழகில் மயங்குவதற்கு முன், அதை எவர் எப்படி அளந்தார் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

முன்பு சொன்ன பொதுச் சிக்கல் இதற்கு அடுத்தபடி வருகிறது. கணினியில் வடிக்கப்படும் நாளம் எங்கோ ஓரிடத்தில் வெட்டுண்டு முடிகிறது. அதற்கு அப்பால் உள்ள கோடிக்கணக்கான நுண்நாளங்களை எவராலும் வரைய முடியாது. அவை எவ்வளவு தடை கொடுக்கும், எவ்வளவு விரிந்து கொடுக்கும் என்பதை ஓர் அனுமானமாகத்தான் ஓரங்களில் பொருத்த வேண்டும். பிலிப்ஸின் இயந்திரத்திலும் ஏற்றுமதி, இறக்குமதிக் குழாய்களின் மறுமுனை எவர் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. உள்ளே கணக்கு எவ்வளவு துல்லியமானாலும், ஓரத்தில் வைத்த அனுமானம் தவறானால் விடையும் தவறும். பொருளாதார முன்கணிப்புகள் பொய்த்துப்போவதை வகுப்பறையில் முப்பது ஆண்டுகள் விளக்கியவன் என்ற முறையில், இதை நான் சற்று அழுத்தியே சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே இதைச் சோதித்துப் பார்த்தது. எளிய வடிவமுள்ள ஒரு குழல்முனையைக் கொடுத்து, அதில் ஓட்டம் எப்படி இருக்கும் என்று கணக்கிடுமாறு உலகெங்குமுள்ள குழுக்களைக் கேட்டது. 28 குழுக்கள் விடை அனுப்பின. 2012-இல் வெளியான முடிவுகளின்படி, விடைகள் ஒன்றுக்கொன்றும், ஆய்வக அளவீட்டோடும் கணிசமாக வேறுபட்டன. ஒரு சாதாரணக் குழாய்க்கே இந்த நிலை.

இந்தக் கணக்கு ஆய்வகத்தைத் தாண்டிச் சந்தைக்கு வந்திருப்பது, பெரியவர்களின் மாரடைப்பு நோயில்தான். இதயத் தமனியில் அடைப்பு இருப்பது படத்தில் தெரிந்தாலும், அது ஓட்டத்தை எந்த அளவுக்குத் தடுக்கிறது என்பது கண்ணால் பார்த்துத் தெரிவதில்லை. அழுத்தமானி பொருத்திய மெல்லிய கம்பியைத் தமனிக்குள் செலுத்தி, அடைப்புக்குப் பின்னும் முன்னும் உள்ள அழுத்தங்களின் விகிதத்தை அளப்பது வழக்கம். அது 0.80 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடைப்பு பொருட்படுத்தத்தக்கது. இந்த விகிதத்தைக் கம்பியே செலுத்தாமல், சி.டி. படத்திலிருந்து கணக்கிட்டுச் சொல்லும் 'ஹார்ட்ஃப்ளோ' நிறுவனத்தின் மென்பொருளுக்கு அமெரிக்கா 2014-இல் அனுமதி அளித்தது. மருத்துவமனை படத்தை அனுப்பிவைக்கும். நிறுவனம் கணக்கிட்டு விடையைத் திருப்பி அனுப்பும்.

பிரிட்டனின் மருத்துவத் தர மதிப்பீட்டு நிறுவனம் 2017-இல் இதைப் பரிந்துரைத்தபோது, நோயாளி ஒருவருக்கு 214 பவுன் மிச்சமாகும் என்று மதிப்பிட்டது. பிறகு அதே நாட்டில் 1,400 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2021-இல் வந்தது. தேவையற்ற ஆஞ்சியோகிராம்கள் குறைந்தது உண்மை. ஆனால், மொத்தச் செலவில் குறிப்பிடத்தக்க மிச்சம் ஏதும் இல்லை. தொழில்நுட்பம் நோயாளிக்கு நன்மை செய்யலாம். கருவூலத்துக்கும் நன்மை செய்யும் என்று அதிலிருந்து தானாகப் பெறப்படாது. நம் நாட்டிலோ 2017 பிப்ரவரியில் மருந்து தடவிய ஸ்டென்ட்டின் விலைக்கு 29,600 ரூபாய் என்று அரசு உச்சவரம்பு விதித்தது. ஸ்டென்ட் விலை குறைந்த நாட்டில், ஸ்டென்ட் தேவையா என்று சொல்லும் கணக்குக்கு அமெரிக்க விலை கொடுப்பது பொருந்தாது. எனவே, மேலைநாட்டு மிச்சக் கணக்குகளை இங்கே அப்படியே பெயர்த்து வைப்பவர்களை நம்ப வேண்டாம்.

நமக்கு வேறொரு முன்னுதாரணம் உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் செயற்கை இதய வால்வு உருவாக்கப்பட்டது. முதல் மூன்று வடிவங்கள் தோற்றன. நான்காவது வடிவம் சோதனைக் கருவிகளில் கோடிக்கணக்கான முறை திறந்து மூடிச் சோதிக்கப்பட்ட பிறகு, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. குழுமம் அதைத் தயாரித்து, இறக்குமதி வால்வுகளைவிட மிகக் குறைந்த விலையில் விற்றது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அது பொருத்தப்பட்டிருக்கிறது. பொது நிறுவனம் ஆய்வுச் செலவை ஏற்றது. விலை அதனால் தாழ்ந்தது.

ரத்தவோட்டக் கணக்கு இந்த வழிக்கு வால்வைவிட இன்னும் பொருத்தமானது. வால்வை ஒவ்வொன்றாக வார்க்க வேண்டும். மென்பொருளையோ ஒரு முறை எழுதிச் சரிபார்த்துவிட்டால், அடுத்த நோயாளிக்கான கூடுதல் செலவு மின்சாரமும் ஒரு பயிற்சி பெற்றவரின் சில மணி நேர உழைப்பும்தான். ஸ்டான்ஃபோர்டில் உருவான 'சிம்வாஸ்குலர்' மென்பொருளை எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் ரத்தவோட்ட இயக்கவியல் ஆய்வுகள் நடைபெறுகின்றன. 2022 மே மாதம், தேசிய மீத்திறன் கணினித் திட்டத்தின்கீழ் திருச்சி தேசிய தொழில்நுட்பக் கழகத்தில் ஒரு கணினி நிறுவப்பட்டது. அதன் திறன் 838 டெராஃப்ளாப்ஸ். அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்கீடுகள். 'பரம் பொருள்' என்பது அதன் பெயர். பொருளியல் ஆசிரியனுக்கு அந்தப் பெயரே பிடித்துப்போனதில் வியப்பில்லை. மன்னார்புரத்திலிருந்து துவாக்குடிக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பேருந்துப் பயணம். பொறியாளர்களும் மருத்துவர்களும் ஒரே நகரில் இருக்கிறார்கள். இருவரையும் ஒரு மேசையில் உட்காரவைக்கும் ஏற்பாடுதான் வேண்டும்.

எங்கள் பகுதியில் ஒரு குடும்பம். அவர்களின் பேத்திக்குக் கீழறை ஒன்றுதான். இரண்டு மருத்துவர்கள் இணைப்பைப் பற்றி இருவிதமாகக் கருத்துச் சொல்லியிருந்தார்கள். தாத்தா இரண்டு கோப்புகளையும் எடுத்துக்கொண்டு வந்து, "சார், நீங்க படிச்சவங்க, இதுல எது சரின்னு சொல்லுங்க" என்றார். என்னால் சொல்ல முடியாது. எந்தப் பேராசிரியராலும் முடியாது. இரண்டு கருத்துகளும் அனுபவத்தின் அடிப்படையில் வந்தவை. இரண்டில் எதையும் அந்தக் குழந்தையின் நாளங்களில் முன்கூட்டியே சோதித்துப் பார்த்திருக்கவில்லை. கணக்கு இருந்திருந்தால் அது தீர்ப்புச் சொல்லியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. இரு மருத்துவர்களும் எந்த அனுமானத்தில் வேறுபடுகிறார்கள் என்பதையாவது அந்தக் குடும்பத்துக்கு எடுத்துக் காட்டியிருக்கும்.

2013-இல் தொடங்கப்பட்ட சிறார் நலப் பரிசோதனைத் திட்டத்தின் வாயிலாகப் பிறவி இதயக் குறைபாடுகள் அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் கண்டறியப்படுகின்றன. அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே, எளிதில் முடிவெடுக்க முடியாத நோயாளிகளுக்கு மட்டும் ரத்தவோட்டக் கணக்கீட்டைச் சேர்க்கலாம். இதயத்தில் சிறு துளை உள்ள குழந்தைக்கு இது தேவையில்லை. எக்கோ பரிசோதனையே போதும். ஒற்றைக் கீழறை, பெருந்தமனிக் குறுக்கம், மறு அறுவை சிகிச்சை போன்றவையே இதற்கு உரியவை.

மருத்துவப் பயன்பாட்டுக்கான மென்பொருளும் 2020 ஏப்ரல் முதல் மருத்துவக் கருவியாகவே இந்தியச் சட்டத்தில் கருதப்படுகிறது. ஆகவே, கல்லூரி மாணவர் எழுதிய கணக்கைக் கொண்டு நேரே அறுவை அரங்குக்குப் போய்விட முடியாது, போகவும் கூடாது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 2018-இல் வகுத்த தரநெறி ஒன்று இதற்கு உதவும். விடை தவறினால் எவ்வளவு தீங்கு நேரும் என்பதைப் பொறுத்தே எவ்வளவு சான்று தேவை என்று முடிவு செய்ய வேண்டும் என்கிறது அது. மருத்துவருக்கு இன்னொரு கருத்தாக மட்டும் பயன்படும் கணக்குக்கு ஓரளவு சான்று போதும். கம்பிப் பரிசோதனையையே தவிர்க்கச் சொல்லும் கணக்குக்கு மிகுந்த சான்று வேண்டும்.

அந்தச் சான்று நம் குழந்தைகளிடமிருந்தே திரட்டப்பட வேண்டும். ரத்தசோகை உள்ள குழந்தையின் ரத்தம் நீர்த்திருக்கும். எடை குறைந்த குழந்தையின் நாளம் சிறுத்திருக்கும். தாமதமாகக் கண்டறியப்பட்டவரின் நுரையீரல் நாளங்கள் இறுகியிருக்கும். ஓரங்களில் வைக்கும் அனுமானங்கள் எல்லாம் இவற்றால் மாறும். கலிபோர்னியக் குழந்தைகளுக்குப் பொருந்திய எண்கள் கரூரிலும் பெரம்பலூரிலும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள இயலாது.

எனவே, காப்பீட்டுத் திட்டம் இதற்குப் பணம் கொடுக்க முன்வந்தால், ஒரு நிபந்தனையோடு கொடுக்கட்டும். அறுவைக்கு முன் கணக்கு சொன்ன எண்களைப் பதிவு செய்ய வேண்டும். ஓராண்டு கழித்து அதே குழந்தைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, இரு நுரையீரலுக்கும் உண்மையில் எவ்வளவு ரத்தம் போகிறது என்று அளந்து, அதையும் பக்கத்தில் எழுத வேண்டும். குழந்தையின் அடையாளத்தை நீக்கிவிட்டு, பொருந்தியவை, பொருந்தாதவை இரண்டையும் பொதுவில் வைக்க வேண்டும். இரண்டாவது எண்ணைப் பதிவு செய்யாத மருத்துவமனைக்கு முதல் கணக்குக்கான கட்டணத்தின் பாதியை நிறுத்திவைக்கலாம்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு), திருச்சி.